பிள்ளைகளின் ஊசிக்கு உண்டியல் வேண்டாம்

2022 டிசெம்பரில் மேற்கு ஆபிரிக்க நாடான கானா, தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அடுத்த சில வாரங்களிலேயே அங்குள்ள தாய்மார் கைக்குழந்தைகளோடு கிளினிக்குக்குப் போய், ஊசி போடாமலே திரும்பி வரத் தொடங்கினார்கள். சின்னமுத்து ஊசி இருப்பில் இல்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. இல்லை. போலியோச் சொட்டு மருந்தும் இல்லை. நாட்டின் வடபகுதியில் சின்னமுத்து பரவியது. நாணயத்தின் மதிப்பு விழுந்ததால் தடுப்பூசி வாங்க முடியவில்லை என்று அரசு காரணம் சொன்னது. பல மாதங்களாக இதை எச்சரித்து வந்ததாகக் குழந்தை மருத்துவர்கள் பொது அறிக்கை விட்டார்கள்.

கானா கடன் செலுத்துவதை நிறுத்துவதற்கு 8 மாதங்கள் முன்னர், 2022 ஏப்ரல் 12 அன்று, இலங்கையும் அதே அறிவிப்பைத்தான் செய்தது. அந்த நாட்களை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மருந்துச் சிட்டையைக் கையில் பிடித்தபடி பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் பலர். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 10 இலட்சம் டொலருக்கு வாங்கும் தடுப்பூசிக்கு முன்பு 20 கோடி ரூபா போதும். மே மாதத்தில் அதே குப்பிகளுக்கு 36 கோடி வேண்டியிருந்தது. கானாவை வீழ்த்திய கணக்கு இதுதான். அது நமக்கும் இருந்தது.

ஆனாலும் குடாநாட்டின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் குழந்தைகளுக்கான ஊசி நாட்கள் நடந்தன. பெற்றோல் இல்லாமல் சைக்கிளிலும் நடந்தும் தாய்மார் வந்தார்கள். அடிப்படைத் தடுப்பூசிகளைப் பெற்ற குழந்தைகளின் பங்கு, நாடு முழுவதற்குமான கணக்கில், 95 வீதத்துக்குக் கீழே போகவில்லை. புற்றுநோய் மருந்தும் மயக்க மருந்தும் தட்டுப்பட்ட ஒரு நாட்டில் இது சாதாரண விடயமல்ல. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் தாம் வழங்கிய கடன்களை மருந்து வாங்குவதற்கு மாற்றித் தந்தது உதவியது என்பது உண்மை. அதைவிட ஆழமான காரணம், பிள்ளைகளின் ஊசியை இந்த நாடு வெகுகாலமாகத் தன் சொந்தச் செலவாக ஏற்று நடத்திப் பழகியிருந்தது என்பதே. அந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கிக் காப்பாற்ற வேண்டிய நேரம் இது. அதற்குப் பதிலாக நன்கொடை, அறக்கட்டளை, புலம்பெயர் உதவி என்ற வழிகளில் நாம் நம்மை அறியாமலே நழுவிக்கொண்டிருக்கிறோம் என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து வைத்திய வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலம் 1850 இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று அமைத்த நட்புறவுச் சங்க மருத்துவமனை. செல்வர்களின் சந்தாவிலும் நன்கொடையிலும் நடந்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. பெரியம்மைக்கான அம்மைப்பால் குத்துவதோ அதற்கு வெகுமுன்பே அரசாங்க வேலையாகிவிட்டது. 1802 இல் இலங்கைக்கு வந்த அந்த முறையை 1886 இல் ஒரு தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் எல்லோருக்கும் உரியதாக்கியது. ஆஸ்பத்திரி நடத்துவதைத் தருமத்துக்கு விட்டுவைத்த காலனி அரசுகூட, தொற்றுநோய்த் தடுப்பை அப்படி விட்டுவைக்க முடியாது என்று கண்டுகொண்டது. அதன் நோக்கம் பிள்ளைகள் மீதான அன்பாக இல்லாமல் இருந்திருக்கலாம். கணக்கு சரியானதுதான். ஊரில் பாதிப் பேருக்குக் குத்திவிட்டு மீதிப் பேரை விட்டால் பெரியம்மை எல்லோர் வீட்டுக்கும் திரும்பி வரும்.

சுதந்திரத்துக்குப் பின் இந்த வழி தொடர்ந்தது. 1949 இல் பி.சி.ஜி. வந்தது. 1961 இல் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி. 1962 இல் போலியோ நாடெங்கும் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாக்கியபோது சொட்டு மருந்து அறிமுகமானது. 1978 இல் இவையெல்லாம் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 1980களின் நடுப்பகுதியில் சின்னமுத்து ஊசியும் 1988 இல் மூளைக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்தன. அந்த மூளைக்காய்ச்சல் ஊசி பல தவணைகள் போட வேண்டிய விலைகூடிய ஊசி. அப்படியிருந்தும் அரசு அதை வாங்கியது. 2009 இல் ஒரே தவணையில் முடியும் உயிருள்ள தடுப்பூசிக்கு மாறிச் செலவைக் குறைத்தது. 2016 இல் உலகமெங்கும் போலியோ ஊசி தட்டுப்பட்டபோது, முழுத் தவணைக்குப் பதிலாக அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் இருமுறை செலுத்தும் முறைக்கு இலங்கை முன்கூட்டியே மாறியது. கிடைக்கிற காசில் எப்படிச் செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்த அதிகாரிகள் கொழும்பில் இருந்தார்கள். வெளியார் வாங்கித் தந்திருந்தால் அந்த யோசனை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வெளியார் உதவி இருக்கவே இல்லை என்று சொல்லவில்லை. 2000 இல் தொடங்கிய ‘காவி’ என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு, 2003 இல் ஈரலழற்சி பி ஊசியையும் 2008 இல் ஐங்கூட்டு ஊசியையும் நாம் தொடங்க உதவியது. அந்த அமைப்பின் ஏற்பாடு ஒரு ஏணியைப் போன்றது. மிக ஏழை நாடு ஒரு தவணைக்கு 20 அமெரிக்கச் சதம் மட்டும் கொடுத்தால் போதும். மீதியை அமைப்பு கொடுக்கும். நாட்டின் ஆள்வீத வருமானம் ஏற ஏற அந்த நாட்டின் பங்கும் ஆண்டுதோறும் ஏறும். ஒரு வரம்பைத் தாண்டினால் சில ஆண்டுகளுக்குள் முழுச் செலவையும் நாடே ஏற்க வேண்டும். இலங்கை அந்த ஏணியின் கடைசிப் படியை 2015 முடிவில் ஏறி முடித்தது. 2016 முதல் வழமையான ஊசிகளின் விலையை நாமே கொடுக்கிறோம். 2014 இல் அமைச்சரவை அங்கீகரித்த தேசிய நோய்த்தடுப்புக் கொள்கையும், வரவுசெலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென இருக்கும் தனி ஒதுக்கீடும் இதற்கு அடித்தளம்.

இந்த ஏணியில் ஏற முடியாமல் திணறும் நாடுகள் பல. நைஜீரியாவுக்கு 2028 வரை தவணை நீட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கென்யாவில் 2025 இல் பி.சி.ஜி.யும் போலியோ மருந்தும் தட்டுப்பட்டன. அதே 2025 ஜூனில் பிரசெல்ஸில் ‘காவி’க்கு நிதி திரட்டும் மாநாடு நடந்தபோது, இனிப் பணம் தரமாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது. அடுத்த ஐந்தாண்டுக்குத் தேவைப்பட்டது 1,190 கோடி டொலர். அன்று உறுதியளிக்கப்பட்டது 900 கோடியைச் சற்றுத் தாண்டியது. ஒரு நாட்டின் தேர்தல் முடிவு இன்னொரு கண்டத்தில் பிறக்கும் குழந்தையின் ஊசியைப் பறிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்த ஆபத்திலிருந்து நாம் பத்தாண்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். இதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

கானாவிடமிருந்து இன்னொன்றும் கற்க இருக்கிறது. அங்கே தடுப்பூசிக்கான பங்கு தேசிய மருத்துவக் காப்புறுதி நிதியூடாக வர வேண்டும். அந்த நிதிக்கென்றே மக்களிடம் ஒரு தனி வரி வசூலிக்கப்படுகிறது. வரி வசூலானது. ஆனால் நிதியமைச்சு அதை முழுமையாக, உரிய நேரத்தில் விடுவிக்கவில்லை. சிகரட்டுக்கு வரி போடுவோம், மதுவுக்கு வரி போடுவோம், அதைத் தடுப்பூசிக்கென்று ஒதுக்குவோம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். திறைசேரியின் சாவி யார் கையில், எந்தத் திகதிக்குள் அவர் பணத்தை விடுவிக்க வேண்டும், விடுவிக்காவிட்டால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை எழுதப்படாவிட்டால் அந்த வரியும் கடலில் கரைத்த உப்புத்தான்.

செலவு எவ்வளவு என்று பார்ப்போம். யுனிசெப் மூலம் வாங்கும்போது ஐங்கூட்டு ஊசியின் ஒரு தவணை ஏறத்தாழ ஒரு டொலர். 2, 4, 6 மாதங்களில் மூன்று தவணை. இலங்கையில் இப்போது ஆண்டுக்கு 2,50,000க்கும் குறைவான குழந்தைகளே பிறக்கின்றன. 2018 அளவில் அது 3,20,000ஐத் தாண்டியிருந்தது. 2,50,000 என்றே வைத்தாலும் ஐந்து நோய்களுக்கு எதிரான ஊசி மருந்தின் விலை 7,50,000 டொலர், டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் 22 கோடி ரூபா சொச்சம். வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு அரசாங்கத்துக்கு இது பெரிய தொகையல்ல. பிறப்பு குறைவதை முதுமைச் சமூகத்தின் அபாயமாக மட்டுமே பேசுகிறோம். அது திறைசேரிக்குத் தரும் சிறு இடைவெளியைப் பற்றி யாரும் பேசக் காணோம். அந்த இடைவெளியில்தான் நாம் இன்னும் சேர்க்காத ஊசிகளைச் சேர்க்கலாம்.

நியூமோகொக்கல் ஊசியும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் ஆபிரிக்காவின் மிக வறிய நாடுகள் பலவற்றில் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கின்றன. அவை இலங்கையின் வழமையான அட்டவணையில் இடம்பெறாமலே ஆண்டுகள் போய்விட்டன. ‘காவி’ உதவி இருந்த காலத்தில் நாம் அவற்றைத் தொடங்கவில்லை. உதவி முடிந்த பின் விலை பயமுறுத்தியது. விளைவு என்ன? யாழ்ப்பாணத்தில் வசதியுள்ள பெற்றோர் தனியார் மருத்துவமனையில் பெருந்தொகை கொடுத்துப் போடுகிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்பினால் குழந்தைக்கு நியூமோனியாவிலிருந்து பாதுகாப்பு. அனுப்ப ஆளில்லாத வீட்டுக் குழந்தைக்கு அது இல்லை. மூன்று டொலர் விலையில் மூன்று தவணை என்று வைத்தால், நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் நியூமோகொக்கல் ஊசி போட ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் டொலர், 67 கோடி ரூபா அளவு. அந்த விலையில் வாங்குவதற்கு நாடுகள் கூட்டாகப் பேரம் பேச வேண்டும். இலத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகள் 1970களின் இறுதியிலேயே ஒரு சுழல்நிதி அமைத்து, சிறிய நாடும் பெரிய நாடும் ஒரே விலையில் வாங்கும்படி செய்துகொண்டன. தெற்காசியாவில் நமக்குப் பக்கத்தில், புனேயில், உலகிலேயே அதிகத் தவணைகள் தயாரிக்கும் தடுப்பூசி நிறுவனம் இருக்கிறது. மலிவான நியூமோகொக்கல் ஊசியைத் தயாரிப்பதும் அதுதான். இருந்தும் அப்படியொரு கூட்டு வாங்கல் தெற்காசியாவில் இல்லை. இது என்னைத் தொடர்ந்து வருத்தும் விடயம்.

இதுவரை சொன்னது குப்பியின் விலை. குடாநாட்டில் வாழும் நாம் அதைவிடக் கவனிக்க வேண்டியது, கொழும்பிலிருந்து வரும் அந்தக் குப்பியைக் குழந்தையின் தொடைவரை கொண்டுபோகும் செலவு. இந்தப் பகுதி வரவுசெலவு விவாதங்களில் பெயரே இல்லாமல் கிடக்கிறது.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். ஊசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குள் பெட்டியில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைய நாள் போயிற்று. சின்னமுத்து, கூவைக்கட்டு, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி பல தவணைகள் அடங்கிய குப்பியில் வருகிறது. தூளைக் கரைத்துவிட்டால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அன்று தீவில் 9 மாதக் குழந்தை மூன்றுதான் என்றால், மூன்றுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டுவதே சரி. குழந்தைகள் போதவில்லை, அடுத்த மாதம் வா என்று தாயைத் திருப்பி அனுப்புவது தவறு. நல்லூரில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவைவிட நெடுந்தீவில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு பல மடங்கு. ஆள்வீதச் சராசரி பார்த்துப் பணம் ஒதுக்கும் எந்த முறையும் அனலைதீவையும் எழுவைதீவையும் நயினாதீவையும் கைவிட்டுவிடும்.

இந்த வேலை முழுவதும் தங்கியிருப்பது ஒரு சில பதவிகளில். குடும்பநல உத்தியோகத்தர், நம் ஊரில் எல்லோரும் மிட்வைஃப் என்று கூப்பிடுபவர், ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது நியமம். கர்ப்பம் பதிவதிலிருந்து பிள்ளை ஐந்து வயதாகும்வரை அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகும் அரச ஊழியர் அவர். ஊசிக்கு வராத பிள்ளை யார், தகப்பன் கடலுக்குப் போன வீடு எது, தாய் மத்திய கிழக்குக்குப் போய் அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளை எது என்பது அவரது பதிவேட்டில் இருக்கும். ஒரு இடம் வெறுமையாகி, பக்கத்துப் பிரிவு மிட்வைஃப் அதையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதலில் கைவிடப்படுவது வீட்டுத் தரிசிப்பு. கிளினிக்குக்கு வந்த பிள்ளைக்கு ஊசி போடப்படும். வராத பிள்ளையைத் தேடிப் போக ஆளிருக்காது. மொத்த வீதம் 98, 99 என்று காகிதத்தில் அழகாகவே இருக்கும். மீதியுள்ள ஒன்றிரண்டு வீதமும் ஒரே கரையோரக் குடியிருப்பிலோ ஒரே முகாம் காணியிலோ கூடி இருந்தால் சின்னமுத்து அங்கே வந்துவிடும்.

வந்தும் இருக்கிறது. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. 2023 இல் அது திரும்பியது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் 6 மாதம் நிறைந்த கைக்குழந்தைகளுக்கே மேலதிக ஊசி போட வேண்டி வந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோது, தடுப்பு மாத்திரைகளோடு வயலுக்கும் வீட்டுக்கும் ஓடியவர்களும் இதே சுகாதாரப் பணிமனைகளின் ஆட்கள்தான். ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய ஆளை இன்னொரு வேலைக்கு இழுக்கும்போது முதல் வேலைக்கான பணமும் சேர்ந்துதான் போகிறது.

இவர்களின் சம்பளமும் வாகன எரிபொருளும் வருவது மாகாண நிர்வாகத்தூடாக. 1987 இன் 13ஆம் திருத்தத்தின்படி நோய்த்தடுப்புப் பணி மாகாணத்தின் கையில். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஊசி மருந்தை மத்திய அரசு வாங்கித் தரும். அதைப் போடும் கையை மாகாணம் வைத்திருக்க வேண்டும். வட மாகாண சபை 2013 இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் தெரிவான சபை இல்லாமலே ஆண்டுகள் போயின. மாகாணத்தின் சொந்த வருமானம் சிறு பங்கே. பெரும்பகுதி நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் கொழும்பிலிருந்து வரும் மானியம். சபை இல்லாத காலத்தில், நெடுந்தீவுக்கான படகுச் செலவை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கும் இடமே இல்லாமற் போனது. மாகாண சபைத் தேர்தலைப் பற்றி நாம் உரிமை மொழியில் பேசுகிறோம், அது நியாயம். அத்தோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசினால் ஒரு இளம் தாய்க்கும் அது தன் விடயமாகப் படும்.

இந்த வெற்றிடத்தில்தான் நன்கொடை நுழைகிறது. நல்ல மனத்தோடுதான் நுழைகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் இல்லாவிட்டால் குடாநாட்டின் எத்தனையோ பாடசாலைக் கட்டடங்கள் எழுந்திரா. 2011 இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு குழுவினர் நிதி திரட்டினார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி வருகிறது. இத்தகைய ஈகையைக் குறைத்துப் பேசுவது பாவம்.

ஆனால் கட்டடமும் இயந்திரமும் ஒருமுறைச் செலவு. பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், படம் எடுத்து அனுப்பலாம். பி.சி.ஜி. ஊசிக்குத் திறப்பு விழா இல்லை. அது ஒவ்வொரு நாளும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும், அடுத்த ஆண்டும் வேண்டும், கொடையாளியின் பேரப்பிள்ளைக்குத் தமிழும் ஊர்ப்பெயரும் மறந்துபோன பின்னும் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கான தடுப்பூசியை நாமே வாங்கித் தருகிறோம் என்று ஒரு வசதியான சங்கம் முன்வந்தால் முல்லைத்தீவுக்கு யார் வாங்குவார்கள்? மலையகத் தோட்டத்து லயத்துக் குழந்தைக்கு? நோய்க்கிருமி அந்நாளைய ஓமந்தைச் சோதனைச் சாவடியில் போல இறங்கி அடையாள அட்டை காட்டிவிட்டு வருவதில்லை. அத்தோடு, வடக்குக்கு வெளியிலிருந்து காசு வருகிறது என்று கண்டால் அடுத்த ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை வெட்ட எந்தத் திறைசேரி அதிகாரிக்கும் கை கூசாது.

தரமும் ஒரு காரணம். தடுப்பூசி கடையில் வாங்கிக் கொண்டுவரும் பொருளல்ல. தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு, மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் தொகுதிப் பரிசோதனை, ஊசிக்குப் பின் ஏதும் பாதிப்பு வந்தால் விசாரிக்கும் தொற்றுநோய்ப் பிரிவு என்று ஒரு முழு இயந்திரம் பின்னால் இயங்க வேண்டும். 2008 இல் ஐங்கூட்டு ஊசி தொடங்கிய பின் சில குழந்தைகளின் மரணம் பற்றிய கவலை எழுந்தபோது, 2009 இல் அதை நிறுத்தி, நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். மக்கள் நம்பிக்கை உடையாமல் அதைச் செய்ய முடிந்தது, அந்த இயந்திரத்துக்கு ஆண்டாண்டாகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததால். நெருக்கடியின்போது அவசரக் கொள்வனவு என்ற பெயரில் வழமையான படிகளைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 இன் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரே அடுத்த ஆண்டு கைதாகும் நிலை வந்தது. காசு தட்டுப்படும் நேரத்தில்தான் மோசடிக்கு வாசல் திறக்கிறது.

போர்க்காலத்தைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இதைப் பேசி முடிக்க முடியாது. 1990களில் மின்சாரம் இல்லாத குடாநாட்டில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிகளை நம்பியே ஊசிகள் பாதுகாக்கப்பட்டன. மருந்துக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை என்றிருந்த நாட்களில் அந்தப் பெட்டி அணையாமல் பார்த்துக்கொண்ட ஊழியர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தத் தசாப்தத்தின் நடுப்பகுதியில் யுனிசெப் இடையில் நின்று, போலியோச் சொட்டு கொடுக்கும் நாட்களுக்காக இருதரப்பும் துப்பாக்கிகளைத் தாழ்த்தின. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் கண்டறியப்பட்டவர். குண்டு விழுந்த ஆண்டுகளிலும் இங்குள்ள சுகாதார ஊழியருக்குச் சம்பளம் கொழும்புத் திறைசேரியிலிருந்தே வந்தது. எத்தனை குறைகள் இருந்தாலும் பிள்ளைகளின் ஊசி அரசின் கடமை என்ற அந்த இழை அறவில்லை. அப்படிக் காத்த இழையைச் சமாதான காலத்தில் நாமே நைய விடலாமா?

செய்ய வேண்டியதைப் பிற நாடுகள் காட்டியிருக்கின்றன. நேபாளம் 2016 இல் நோய்த்தடுப்புச் சட்டம் இயற்றித் தடுப்பூசியைக் குழந்தையின் உரிமையாக்கி, அதற்கென ஒரு நிதியத்தையும் அமைத்தது. கோஸ்டாரிக்கா 2001 இலேயே அதைச் செய்து, லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கையும் அதற்குள் சேர்த்தது. பூட்டான் 1998 இல் ஒரு சுகாதார அறக்கட்டளை நிதியத்தைத் தொடங்கி, அதன் முதலீட்டு வருமானத்தில் மருந்தும் ஊசியும் வாங்கும் வழியைக் கண்டது. இம்மூன்றில் நமக்குப் பொருந்துவது நேபாளத்தின் வழி என்பது என் எண்ணம். பூட்டானின் மக்கள்தொகை நம் வட மாகாணத்தைவிடச் சிறியது. அங்கே முதலீட்டு நிதியம் போதும். இங்கே தேவை ஒரு சிறு சட்டம். தடுப்பூசி ஒதுக்கீட்டை ஆண்டு நடுவில் வெட்டக் கூடாது. வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பட்டால் எரிபொருளுக்கும் முன்னதாக அதற்கு டொலர் விடுவிக்க வேண்டும். களஞ்சியத்தில் எத்தனை மாத இருப்பு என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பணம் தாமதமானால் யுனிசெப் முன்பணம் கொடுத்து வாங்கித் தந்து பின்னர் அறவிடும் ஒரு வசதி 1991 முதல் உலகில் இருக்கிறது. அதைப் பாவிப்பதற்கான அதிகாரத்தையும் அந்தச் சட்டத்திலேயே எழுதிவிடலாம்.

சட்டத்தில் இரண்டாவது பகுதி ஒன்றும் வேண்டும். ஊசி போடும் கைகளுக்கான, குளிர்ச் சங்கிலிக்கான, தீவுகளுக்கான பணம் மாகாண மானியத்துக்குள் வேறொன்றோடு கலக்காமல் தனியாக எழுதப்பட வேண்டும். எங்கே ஆள் இல்லை, எங்கே பெட்டி பழுது, எத்தனை ஊசி நாள் கடலால் தவறியது என்பதை யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஆண்டுக்கொருமுறை தமிழில் வெளியிடட்டும். புலம்பெயர்ந்த நம் உறவுகள் உதவ விரும்பினால் இந்த அறிக்கையை வாசித்து, கொழும்பில் கேள்வி கேட்பவர்களுக்குத் துணை நிற்கலாம். அவர்களின் காசைவிட அந்தக் குரல் பெறுமதியானது.

இதற்குப் பணம் எங்கே என்று நிதியமைச்சு கேட்கும். 2019 இன் வரிக்குறைப்புக்குப் பின் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனது; 2022 இன் வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். சுன்னாகம் சந்தையடியில் சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் அதைக் கட்டுகிறார். கிளினிக்கில் அவர் பிள்ளைக்குப் போடப்படும் ஊசிக்கு அவர் ஏற்கனவே காசு கொடுத்தாயிற்று. அவரிடம் வாங்கிய காசில் முதலில் செய்ய வேண்டிய செலவு எது என்பதைத் தீர்மானிப்பதே வரவுசெலவுத் திட்டம்.

அது வழமையாக நவம்பரில் வரும். சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு குழுநிலை விவாதத்துக்கு எடுக்கப்படும் நாளில், யாழ் மாவட்டத்தின் 6 உறுப்பினர்களும் கட்சி பாராமல் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கட்டும்: தடுப்பூசிக்கென ஒதுக்கியதில் கடந்த ஆண்டு எவ்வளவு, எந்தத் திகதிகளில் விடுவிக்கப்பட்டது, வட மாகாணத்தில் எத்தனை குடும்பநல உத்தியோகத்தர் இடங்கள் வெறுமையாக உள்ளன, நியூமோகொக்கல் ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் எந்த ஆண்டில் தொடங்கப்போகிறீர்கள். விடைகள் ஹன்சாட்டில் பதிவாகட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு மறுபடி கேட்கலாம்.